ஏழெட்டு எவ்வளவு?

தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, எனக்கு முன் பேசி என் நேரத்திலும் பாதியை எடுத்துக்கொண்ட செயலாளர் அவர்களே, பொன்னாடை போர்த்திய பொருளாளர் அம்மா அவர்களே, வணக்கம்.

கோவிட் போன பிறகும் போகாத கோவிட்டை, அதாவது 'லாங் கோவிட்'டைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன். காரணம் என்ன, மூளையை என்ன செய்கிறது, மருந்து உண்டா.

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்' என்பார்கள். எனக்குத் தெரிந்த கணக்கு டீச்சர் ஒருவர். வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கோவிட் வந்தது, நாலு நாள் காய்ச்சல், சரியாகிவிட்டது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள், சாக்பீஸும் கையுமாகக் கரும்பலகை முன் நின்று, "ஏழெட்டு எவ்வளவு?" என்றார். "ஐம்பத்தாறு!" என்று வகுப்பே கத்தியது. கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று அடுத்த அறை ஆசிரியருக்குப் பெருமை. டீச்சர் கேட்டது சோதிக்க இல்லை ஐயா, நிஜமாகவே தெரியாமல்! மறுநாள் ஒன்பதெட்டு. அதற்கும் பிள்ளைகள்தான் கைகொடுத்தார்கள். வைத்தியரிடம் போனால், "எல்லாம் மனசுதான், வாக்கிங் போங்க" என்றாராம். போனார். இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை.

மனசா? பிரிட்டனில் 785 பேருக்கு இரண்டு முறை மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இடையில் கோவிட் வந்தவர்கள் 401 பேர். பெரும்பாலோருக்கு லேசாக வந்ததுதான். ஆனாலும் வாசனையோடும் நினைவோடும் தொடர்புள்ள பகுதிகள் அவர்களுக்குக் கூடுதலாகத் தேய்ந்திருந்தன. 2022இல் வந்த ஆய்வு இது. 2024இல் டப்ளின் ஆய்வாளர்கள், மூளை மந்தம் உள்ளவர்களுக்கு ரத்தத்தையும் மூளையையும் பிரிக்கும் தடுப்பே கசிவதாகக் கண்டார்கள்.

காரணம்? வைரஸின் மிச்சம் குடலில் தங்குவது, எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குவது, பொடிப்பொடி ரத்தக்கட்டிகள், எப்போதோ தொற்றி உள்ளே தூங்கிய எப்ஸ்டீன்-பார் என்ற வேறொரு வைரஸ் விழிப்பது என்று பல சந்தேகங்கள். ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு வேறாகவும் இருக்கலாம். இதை விரிக்க ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும்.

நான் கேட்பது ஒன்றுதான். சக்திக்கு மீறி உழைத்தால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ இன்னும் மோசமாகிற நோயாளிகள் இவர்களில் ஏராளம். வேலைக்குத் திரும்பும்போது முதலில் இரண்டு மணி நேரம், அப்புறம் நான்கு என்று படிப்படியாக ஏற்ற விடுங்கள். அதிகாரிகள் யோசிக்கிறார்களாம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்!

மூன்றாவது விஷயம் மருந்து... மணி அடித்துவிட்டார்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டதும் பேனாவை வைத்துவிட்டுப் போங்கள், போன கூட்டத்தில் ஆறு பேனா காணோம்.