குரூப்புல போட்ட ஆதார் எங்கெல்லாம் போகுது? வாட்ஸ்அப் குரூப் பிரைவசி

வணக்கம் மக்களே! மேலூர் பக்கம் ஒரு மகளிர் குழுவ மனசுல வச்சுக்கங்க. 15 பேர். பேங்க் லோனுக்கு ஆதார் வேணும்னு தலைவி சொன்ன உடனே, 15 பேரும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்புல போட்டுடுவாக. "அதான் பூட்டு போட்டுருக்குல்ல"ன்னு ஒரு தைரியம். அந்தப் பூட்டு பொய் இல்லங்க. 2016-லருந்து எல்லா சாட்டுக்கும் எண்டு டு எண்டு என்க்ரிப்ஷன் இருக்கு, போற வழியில அந்தப் படத்த கம்பெனிக்காரங்ககூட திறக்க முடியாது. ஆனா போய்ச் சேந்த 15 போன்லயும் அது திறந்துதான் கிடக்கு.

ஒரு போன மட்டும் எடுத்துப் பாப்போம். படம் வந்ததும் தானா டவுன்லோடு ஆகி கேலரிக்குப் போகுது. கூகுள் போட்டோஸ்ல வாட்ஸ்அப் ஃபோல்டருக்கு பேக்கப் ஆன்ல இருந்தா அங்கிட்டு ஒரு காப்பி. ராத்திரி சாட் பேக்கப் ஓடி, கூகுள் டிரைவ்ல இன்னொண்ணு. டிஸ்ப்ளே உடைஞ்சு கடையில குடுக்கிறப்ப, லாக் நம்பரையும் சொல்லிட்டுத்தான வர்றோம்? இத 15-ஆல பெருக்கிக்கங்க.

அதனால மொத வேலை, முழு ஆதார அனுப்பவே அனுப்பாதீங்க. ஆதார் வெப்சைட்லயே மாஸ்க்டு ஆதார் டவுன்லோடு பண்ணலாம், மொத 8 நம்பர் மறைஞ்சு கடைசி 4 மட்டும் தெரியும். அத தலைவிக்குத் தனியா அனுப்புங்க, குரூப்புல வேண்டாம். முழு நம்பர்தான் வேணும்னு பேங்க்ல கேட்டா, ஜெராக்ஸ நேர்ல குடுத்துருங்க.

ரெண்டாவது, திரையில பாருங்க. குரூப் பேரத் தொட்டு கீழ வந்தா மீடியா விசிபிலிட்டி. 'நோ' குடுத்தா அந்தக் குரூப் படம் உங்க கேலரிக்கு வராது. ஆனா அது உங்க போனுக்கு மட்டுந்தான். அதுக்குப் பக்கத்துலயே அட்வான்ஸ்டு சாட் பிரைவசின்னு ஒண்ணு இருக்கு, 2025-ல வந்தது. அத ஆன் பண்ணினா 15 போன்லயும் படம் தானா சேவ் ஆகாது, மொத்த சாட்டையும் எக்ஸ்போர்ட் பண்ணி வெளிய எடுக்கவும் முடியாது. எனக்குத் தெரிஞ்சு குரூப்புக்குன்னு இருக்கிற செட்டிங்ஸ்லயே ரொம்ப உருப்படியானது இதுதான். ஸ்கிரீன்ஷாட்ட மட்டும் இது தடுக்காது.

பேக்கப்புக்கு செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் போங்க. அங்க எண்டு டு எண்டு என்க்ரிப்டட் பேக்கப் ஆஃப்ல இருந்தா ஆன் பண்ணுங்க. பாஸ்வேர்டு கேக்கும், இல்லன்னா 64 இலக்கத்துல ஒரு கீ குடுக்கும். அத நோட்டுல எழுதி பீரோல வைங்க. தொலைச்சுட்டா பழைய சாட்ட யாராலயும் மீட்டுத் தர முடியாது.

அடுத்து இன்வைட் லிங்க். தெரு சங்கம், அன்னதானக் குழுன்னு க்யூஆர் கோடு அடிச்சு சுவத்துல ஒட்டிர்றாக. அத ஸ்கேன் பண்ணி எவன் உள்ள வந்தாலும் உங்க அம்புட்டுப் பேரோட போன் நம்பரும் அவன் கையில. குரூப் செட்டிங்ஸ்ல புது ஆளுக்கு அட்மின் அப்ரூவல் கட்டாயம்னு வைங்க. ஒருத்தர நீக்குனீங்கன்னா ரீசெட் லிங்க்கையும் சேத்து அமுக்கிருங்க. பழைய லிங்க் ஒட்டுன இடத்துலயெல்லாம் இன்னும் உயிரோட இருக்கும்.

ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் வெப் திறந்து பிரிண்ட் எடுத்தீங்களா? லாக்அவுட் பண்ணாம வந்தா உங்க அத்தன குரூப்பும் அங்க ஓடிக்கிட்டே இருக்கும். உங்க போன்ல வாட்ஸ்அப் திறந்து லிங்க்டு டிவைசஸ் போய் தெரியாத பேர் எது இருந்தாலும் வெளிய தள்ளுங்க.

குரூப்புல 'கல்யாணப் பத்திரிகை'ன்னு ஃபைல் வரும். பேரு டாட் ஏபிகேன்னு முடிஞ்சா அது பத்திரிகை இல்ல, ஆப். இன்ஸ்டால் பண்ணினா உங்க எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாத்தையும் படிக்கும். அனுப்புனது சொந்தக்கார அக்காவா இருந்தாலும் தொடாதீங்க, அவங்க போன்லருந்து அதுவாவே கிளம்பியிருக்கலாம். வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல அக்கவுண்ட் போய் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன்ஸ ஆன் பண்ணி வைங்க. ஒருத்தரோட செக்யூரிட்டி கோடு மாறிருச்சுன்னு காட்டும். புது போன் வாங்கினாலும் வரும், கணக்க எவனாவது பிடுங்கினாலும் வரும். அது வந்த கையோட அவங்க பேர்ல அவசரமா பணம் கேட்டு மெசேஜ் வந்தா, சாதாரண கால் போட்டு குரலக் கேளுங்க. பணம் போயிருச்சுன்னா உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடிங்க.

வேற ஆப்புக்கு மாறலாமான்னா, டெலிகிராம் குரூப்ல எண்டு டு எண்டு என்க்ரிப்ஷன் கிடையாது, ரெண்டு பேர் பேசுற சீக்ரெட் சாட்டுக்கு மட்டுந்தான். நம்பரே தெரியக்கூடாதுன்னா சிக்னல்னு ஒரு ஆப், 2024-லருந்து அங்க நம்பருக்குப் பதிலா யூசர்நேம் குடுக்கிற வசதி இருக்கு.

இப்ப அந்த மேலூர் குழுவுக்கு வருவோம். ஏற்கெனவே போட்ட ஆதார என்ன பண்றது? ரெண்டு நாளுக்குள்ளன்னா போட்டவரோ அட்மினோ அழுத்திப் பிடிச்சு டிலீட் ஃபார் எவ்ரிஒன் குடுக்கலாம். அதுக்கு மேல ஆயிருந்தா அவங்கவங்க போன்லதான் அழிக்கணும். அடுத்த குழுக் கூட்டத்துல சேமிப்பு வசூலுக்கு முன்னாடி கால் மணி நேரம் ஒதுக்குங்க. 15 பேரும் போன கையில எடுத்து குரூப் மீடியா, கேலரி, கூகுள் போட்டோஸ், அதோட டிராஷ், நாலு இடத்துலயும் அழிச்சிட்டு அப்புறம் நோட்டப் பிரிங்க.