சுட வேண்டாம் என்று சொல்லும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

2021 செப்டம்பர் கடைசியில் நீலகிரியில் கூடலூர், மசினகுடிப் பக்கம் எந்தத் தேநீர்க் கடையில் நின்றாலும் வனத்துறை டி-23 என்று குறித்த புலியைப் பற்றித்தான் பேச்சு. ஆளையும் மாட்டையும் அடித்த புலியைச் சுட்டே தீர வேண்டும் என்று ஒரு தரப்பு போராடியது. கூடாது என்று இன்னொரு தரப்பு நீதிமன்றம் போனது. அக்டோபர் 1 அன்று வேட்டை உத்தரவு வந்தது. கொல்ல அவசரப்பட வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 15ஆம் தேதி மயக்க ஊசி போட்டு உயிருடன் பிடித்தார்கள். சிகிச்சைக்கு மைசூரு கொண்டுபோனார்கள்.

நான் சுடக் கூடாது என்ற கட்சி. இன்றும் அப்படித்தான். அதன் காட்டை நறுக்கித் தோட்டம் போட்டவர்கள் நாம். அதன் உயிரையும் கேட்பது அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

இதைத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "செடி இடுப்பு உயரம், சார். குனிந்து பறிக்கும்போது பின்னால் என்ன நிற்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? பயந்து வீட்டில் இருந்தால் அன்றைக்குக் கூலி இல்லை" என்றார். பிறகு கேட்டார்: "பிடிக்கவே முடியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?"

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நெடுநேரம் யோசித்து, "அப்போது சுடத்தான் வேண்டும்" என்றேன். சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அதுதான் என் உண்மையான பதில். நானும் கேட்டேன்: "பிடித்துவிட்டால் போதுமா, அக்கா?" "போதும். அது சாக வேண்டும் என்று எனக்கு என்ன ஆசை?" என்றார்.

இருவரும் வந்து நின்ற இடம் சட்டத்திலேயே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 11ஆம் பிரிவு: மனித உயிருக்கு ஆபத்தான புலியைக்கூடப் பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ முடியாதபோதுதான் கொல்ல அனுமதிக்கலாம். எங்கள் இருவருக்குமே அன்று சட்டம் தெரியாது. எதிரே இருப்பவரின் அச்சத்தைக் கேட்கப் பொறுமை இருந்தது, அவ்வளவுதான்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. எத்தனை நாள் தேடலாம் என்பதில் இன்னும் முரண்படுகிறோம். ஓர் உயிரைக் காக்க 21 நாள் தேடியது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. அவருக்கோ அது மூன்று வாரக் கூலி, மூன்று வாரப் பயம். அந்த நாட்களின் கூலியை யார் தருவது என்று கேட்கிறார். அரசு தர வேண்டும் என்கிறேன் நான். தோட்ட முதலாளியும் சேர்ந்து தர வேண்டும் என்கிறார் அவர்.

நன்றி, வணக்கம்.