அமெரிக்காவிலும் பிளாட்பாரம் இல்லையா? படிக்கட்டுக் கணக்கில் ஒரு பதில்

இந்தப் பேச்சுக்குக் கேள்வி கேட்டு கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா எழுதியிருக்கிறார். எங்கள் பக்கம் லாத்தா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன். வாசிக்கிறேன்: "காக்கா, மகன் வீட்டுக்குப் போய் அமெரிக்காவில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். சியாட்டில். அவன் இருக்கிற தெருவில் நடைபாதையே இல்லை. ஓரத்தில் புல்லும் பள்ளமும்தான். வண்டி வந்தால் புல்லில் ஏறி நிற்க வேண்டும். அங்கேயும் நம்ம ஊர்ச் சந்து மாதிரியா? பழைய பகுதி என்றாலே நடைபாதை இருக்காதா?"

இதை வாசித்த இரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஓவர்சியர் வேலையில் இத்தனை வருஷம் இந்தக் கடற்கரையில் தெரு அளந்தவன். இதை ஒருவர் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் சியாட்டில். லாத்தா, மகன் வீடு 85-ஆம் தெருவுக்கு வடக்கே இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் நகர எல்லை அந்தத் தெருவோடு முடிந்தது. அதற்கு அப்பால் கவுண்டி நிலம். நம் ஊரில் டவுனைத் தாண்டினால் பஞ்சாயத்து வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மனை போட்டு விற்றவர்களை நடைபாதை கட்டச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. 1950-களில் அந்தப் பகுதியை நகரத்தோடு சேர்த்தார்கள். சேர்த்ததோடு சரி. இன்றைக்கும் அந்த நகரத்தில் ஏறக்குறைய கால்வாசித் தெருக்களுக்கு நடைபாதை கிடையாது. அதைவிடப் பழைய நடுப்பகுதியில் நன்றாகவே இருக்கிறது. ஆக, வயதின் மேல் பழி போட முடியாது.

நீங்கள் பார்த்த பள்ளம் மழைநீர் ஓடுகிற வாய்க்கால். நடைபாதை வேண்டுமென்றால் அதை மூட வேண்டும், குழாய் பதிக்க வேண்டும், ஓரக்கல் வைக்க வேண்டும், அப்புறம் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுவது என்று பார்க்க வேண்டும். நடக்கிற சிமெண்டுக்கு ஆகும் காசைவிட தண்ணீருக்கு ஆகும் காசு அதிகம். முன்பு வாய்க்கால் பற்றி நான் பேசியதைக் கேட்டவர்களுக்கு இது பழைய பாட்டு. நம் டவுன்களில் பிளாட்பாரம் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி சாக்கடை மூடிதான். மூடி உடைந்தால் பிளாட்பாரம் போச்சு.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். இராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை, தொண்டி எல்லாம் மணல் மேல் உட்கார்ந்த ஊர்கள். நான் பையனாக இருந்தபோது எங்கள் தெரு முழுக்க மணல். மழை பெய்தால் மணல் குடித்துவிடும். வண்டி என்று ஒன்று வந்தால் மாட்டுவண்டி, அதுவும் மணலில் புதைந்து புதைந்து வரும். அந்தத் தெருவுக்கு எதற்கு நடைபாதை? தெருவே நடைபாதை. களைத்தால் உட்காரத் திண்ணை.

அப்புறம் தார் வந்தது. அதன் மேல் இன்னொரு தார். அதன் மேல் சிமெண்ட். அதன் மேல் பேவர் பிளாக். தார் என்றால் ஒன்றிரண்டு அங்குலம், சிமெண்ட் என்றால் அரையடி வரை ஏறும். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வாப்பா காலத்தில் ஐந்து படி. இப்போது இரண்டு. மூன்று படியைத் தெரு விழுங்கிவிட்டது. ஒரு ஐப்பசி மழையில் தண்ணீர் நடைக்குள் வந்து, உம்மா தொழுகைப் பாயைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தார். தெருப் போட்ட ஒப்பந்தக்காரரிடம் போய்க் கேட்டேன். "வீட்டை உயர்த்திக் கட்டுங்க சார்" என்றார். நானும் அந்த வேலைக்காரன்தான் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

சரி, பக்கத்து வீட்டுக்காரர் உயர்த்திக் கட்டினார். தெருவைவிட மூன்றடி உயரம். பைக்கை உள்ளே ஏற்றச் சாய்தளம் வேண்டுமே? அது தெருவுக்குள் ஐந்தடி நீண்டது. எதிர்வீடு ஒன்றரையடி உயரம், அவருக்கு ஒரு சாய்தளம். எங்கள் வீடு பள்ளத்தில். வழக்கமாகக் கேட்பவர்கள் சிரிப்பீர்கள், இதோ மட்டத்துக்கு வந்துவிட்டான் என்று. வந்துதான் ஆக வேண்டும். கொத்தனார் டியூப் லெவல் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, இந்த முனையை ஒரு வாசலில், அந்த முனையை அடுத்த வாசலில் வைப்பார். எங்கள் தெருவில் ஒரு தடவை வரிசையாகப் பிடித்துப் பார்த்தோம். பதினோரு வீட்டில் இரண்டு வாசல்கூட ஒரே மட்டத்தில் இல்லை. இதில் எங்கே நடைபாதை போடுவது? போட்டால் அது ஏணி.

அகலத்தையும் பார்த்துவிடுவோம். சாலை போடுவதற்கு விதிமுறை வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஏறக்குறைய 6 அடி. உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் சந்து 12 அடி. இரண்டு பக்கமும் 6 அடி விட்டால் மிச்சம்? ஒன்றுமில்லை. அதனால்தான் சொல்கிறேன், அந்தச் சந்துகளில் தனியாக நடைபாதை கேட்காதீர்கள். முழுத் தெருவும் நடப்பவருக்கு, வண்டி மெதுவாக வரட்டும் என்று கேளுங்கள். கடைத்தெரு, பஸ் போகிற ரோடு வேறு கதை. அங்கே கட்டாயம் வேண்டும். நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தருகிற உரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றமே 2025-இல் சொல்லிவிட்டது.

இராமேஸ்வரத்தில் வேலை பார்த்த நாளில் கோயில் மூன்றாம் பிராகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். போன பேச்சிலும் சொன்னேன், இன்னொரு தடவையும் சொல்வேன். 1200-க்கும் மேற்பட்ட தூண்கள், 18-ஆம் நூற்றாண்டில் சேதுபதிகள் கட்டி முடித்தது. தூண்கள் இரண்டு பக்கமும் மேடைமேல் நிற்கின்றன, மனிதர் நடுவில் நடக்கிறார். ஓரத்துக்கு யாரும் அவரைத் தள்ளவில்லை. அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு ஈரத்துணியோடு வருகிற பாட்டி, வாசல் வரைக்கும் ஆட்டோவுக்கு ஒதுங்கி ஒதுங்கி வருவார். உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து நடப்பார்.

லாத்தா, உங்கள் கேள்வியை நான் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன், கோபிக்காதீர்கள். தெரு ஏன் உயர்ந்துகொண்டே போகிறது? இதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று அரசே அறிவுறுத்தியிருக்கிறது. மில்லிங் என்பார்கள். உங்கள் தெருவுக்கு அடுத்த தடவை ஜல்லி வந்து இறங்கும்போது, சுரண்டுகிற மெஷின் எங்கே என்று கேளுங்கள். அதற்கு முன்னால் உங்கள் வாசல் படியை எண்ணி, சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு, போனில் படம் எடுத்து வையுங்கள். நான் எங்கள் வீட்டில் போட்டிருக்கிறேன். இரண்டாவது படியில்.

அடுத்த கேள்வி மண்டபத்திலிருந்து, கிணற்றுத் தண்ணீர் ஏன் திடீரென்று உப்பாகிவிட்டது என்று. ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.