ஊசி இடைவெளியை ஏன் மாற்றினார்கள்? தேவகோட்டை நேயரின் சந்தேகம்

அடுத்த கேள்வி தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. "கொரோனா நேரத்தில் கோவிஷீல்டு இரண்டாவது ஊசியை முதலில் நாலு வாரத்தில் என்றார்கள், அப்புறம் ஆறு, அப்புறம் பன்னிரண்டு. கையிருப்பு இல்லாமல்தானே மாற்றினார்கள்? அதிலிருந்து எங்கள் ஆச்சி எந்த ஊசியும் வேண்டாம் என்கிறார். எப்படி நம்பச் சொல்வது?"

நியாயமான கேள்விம்மா. 2021 ஜனவரியில் 4 முதல் 6 வாரம் என்று தொடங்கினார்கள். மார்ச்சில் அது 8 வாரம் வரை போனது. மே 13-இல் 12 முதல் 16 வாரம் என்றார்கள். இதற்கு ஆதாரம் இருந்தது. அந்த பிப்ரவரியிலேயே லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது: 6 வாரத்துக்குள் இரண்டாவது ஊசி போட்டவர்களுக்குப் பாதுகாப்பு சுமார் 55 சதவீதம், 12 வாரம் கழித்துப் போட்டவர்களுக்கு 81. ஆனால் மே மாதம் ஊசித் தட்டுப்பாடும் கடுமையாக இருந்தது. இரண்டுமே உண்மை. ஆய்வை மட்டும் சொல்லி, தட்டுப்பாட்டைப் பேசாமல் விட்டார்கள். சந்தேகம் அங்கேதான் முளைத்தது. தடுப்பூசி பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் இருந்த சிலரே, நாங்கள் 8 முதல் 12 வாரம் வரைதான் ஒப்புக்கொண்டோம் என்று பின்னால் செய்தியாளர்களிடம் சொன்னார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். நாம் இடைவெளியைக் கூட்டிய மறுநாளே பிரிட்டன் 50 வயது தாண்டியவர்களுக்கு அதை 12-இலிருந்து 8 வாரமாகக் குறைத்தது. டெல்டா என்ற மாறிய கொரோனா வகை அங்கேயும் பரவ ஆரம்பித்திருந்தது, ஒரு ஊசி அதற்குப் போதாது என்ற கவலை. கிருமி மாறினால் அறிவுரையும் மாறத்தான் வேண்டும். மாறியது தப்பே இல்லை.

தப்பு எங்கே என்றால், காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட முகாமில் நான் பார்த்தது இது. ஏப்ரலில் முதல் ஊசி போட்ட ஆச்சிமார்கள் மே வெயிலில் வந்து நின்றார்கள். சீட்டில் எழுதியிருந்த தேதியைப் பேனாவால் அடித்து, மேலே வேறு தேதி எழுதி, "ஜூலையில வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தச் செவிலியரைக் குற்றம் சொல்ல மாட்டேன். காலையில் மொபைலில் வந்த உத்தரவு மட்டும்தான் அவர் கையில் இருந்தது, காரணத்தை அவருக்கும் யாரும் சொல்லவில்லை. மேலே கூடிப் பேசி முடிவெடுத்தவர்கள், மக்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவருக்கு அரைப் பக்கம் தமிழில் எழுதி அனுப்பியிருக்க வேண்டாமா? எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

சரி, ஆச்சிக்கு வருவோம். வயதானவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஃப்ளூ ஊசி. அதைச் சொல்லும்போதே காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: அந்தக் கிருமி மாறிக்கொண்டே இருக்கும், அதனால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை கூடி, ஊசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது, அதனால்தான் வருடா வருடம் போடச் சொல்கிறார்கள் என்று. கையும் உடம்பும் ஒன்றிரண்டு நாள் வலிக்கலாம், போட்ட பிறகும் சளிக் காய்ச்சல் வரலாம், ஆனால் ஆபத்தான நிலைக்குப் போகும் வாய்ப்பு குறையும் என்பதையும் மறைக்காதீர்கள். கேட்டுவிட்டு வேண்டாம் என்றால் அன்றைக்கு வற்புறுத்தாதீர்கள், இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.