பிள்ளை விழாமல் இருக்கப் போட்ட கம்பியே ஆபத்தா? ஒரு சிடி போதும், பார்த்துவிடலாம்!

வணக்கம் மக்களே! கையில் என்ன வைத்திருக்கிறேன் என்று தெரிகிறதா? சிடி. தெரியாத இளசுகள் அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதன் விட்டம் 120 மில்லிமீட்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கக் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று 2006இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., அதாவது மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, வழிகாட்டுதல் வெளியிட்டது.

சரி, அந்த 120 யாருடைய தலையை வைத்து வந்தது? சிறிய உருவம் கொண்ட, வயது வந்த ஒரு பெண்ணின் தலை அகலத்தை வைத்து. குழந்தையின் தலையை வைத்து அல்ல. இந்த வீடியோவே அதைப் பற்றித்தான்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூளை முடக்குவாதம், வலிப்பு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலர் இரவில் உருளுவார்கள், வெட்டி வெட்டி இழுக்கும், எழுந்து ஏறிக் குதிப்பார்கள். வீட்டில் பயந்துபோய் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு எடுத்து, கம்பியைத் தூக்கி மாட்டிவிட்டு, நிம்மதியாகப் படுப்போம். அவ்வளவுதான் பின்னணி.

கம்பி என்ன செய்யும்? 1985 முதல் 2009 தொடக்கம் வரை கட்டிலிலும் கம்பியிலும் சிக்கிக்கொண்டதாக எஃப்.டி.ஏ.வுக்கு வந்த புகார்கள் 803. அதில் 480 பேர் இறந்துவிட்டார்கள். பெரும்பாலும் தளர்ந்துபோன முதியவர்கள். பிரிட்டனில் 2018 முதல் 2022 வரை கட்டில், கம்பி, டிராலி வகையறாக்களால் 18 மரணங்கள் பதிவாகி, 2023இல் நாடு முழுக்க எச்சரிக்கை விட்டார்கள். பெரியவர்களுக்கே இந்தக் கதி.

குழந்தைக்கு உடம்பிலேயே பெரிய பாகம் தலைதான். கால் முதலில் நழுவும், இடுப்பு நெளிந்து வந்துவிடும், நெஞ்சும் அமுங்கி வந்துவிடும். தலை மட்டும் மேலே மாட்டிக்கொள்ளும். உடம்பின் பாரம் முழுவதும் கழுத்தில். கூப்பிடப் பேச்சு வராத பிள்ளை என்றால் பக்கத்து அறைக்குச் சத்தமே கேட்காது. அதனால்தான் அமெரிக்காவில் கைக்குழந்தைக் கட்டிலின் கம்பி இடைவெளிக்கு உச்சவரம்பு சுமார் 60 மில்லிமீட்டர். பிள்ளைகளுக்கான பக்கக் கம்பிக்குப் பிரிட்டன் சொல்வதும் அதே 60. சிடியின் நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு வரை, அவ்வளவே!

இன்னொன்று. பெரியவர்கள் கட்டிலுக்கான சர்வதேசத் தரம், பெரியவர் என்றால் யார் என்று எழுதியே வைத்திருக்கிறது: உயரம் 146 செ.மீ., எடை 40 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் கணக்கு) 17, மூன்றும் குறையக் கூடாது. பதினான்கு வயதானாலும் உடம்பு 25 கிலோ என்றால், அந்தக் கட்டில் உங்கள் பிள்ளைக்காகச் செய்ததே இல்லை. வாடகைக் கடையில் யாராவது எடை கேட்கிறார்களா? டெபாசிட் மட்டும் மறக்காமல் கேட்பார்கள்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கட்டிலைச் சோதிக்க ஒரு கருவி இருக்கிறது. கூம்பும் உருளையும் சேர்ந்தது. கூம்புதான் தலை, உருளைதான் கழுத்து, எடை 6.8 கிலோ. மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவில் அந்தக் கூம்பைப் படுக்க வைத்து விட்டுவிடுவார்கள். தன் எடையில் மெத்தையை அமுக்கிக்கொண்டு பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டால் கட்டில் ஃபெயில். பார்வைக்கு ஒட்டி உட்கார்ந்திருக்கிற மெத்தைகூட இதில் தோற்கலாம். படுக்கைப்புண் வராமல் இருக்கப் போடும் ஏர் பெட்டின் ஓரத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஏன் என்று புரியும். தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டும் ஒரு முறை பாருங்கள். மெத்தை கீழே சறுக்கிப் புது இடுக்கு ஒன்று திறந்திருக்கும். அதில் தலையணையைத் திணிக்கும் வேலை மட்டும் வேண்டாம். முகத்தைத் தானாகத் திருப்ப முடியாத பிள்ளைக்கு அது மூச்சையே அடைக்கும்.

வெளிநாட்டில் வலை போட்டு ஜிப் வைத்த கூடாரக் கட்டில்கள் கிடைக்கின்றன. விலை பல ஆயிரம் டாலர். ஜிப் வெளியே இருந்தால் அது பாதுகாப்பா, பூட்டா? என்னைக் கேட்டால், டாக்டரும் தெரபிஸ்ட்டும் பார்த்துச் சொல்லாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது.

ஏறிக் குதிக்கிற பிள்ளைக்கு, சுவரிடுக்கு இல்லாத இடத்தில் தரையோடு ஒரு கெட்டியான மெத்தை போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் குனிந்து குனிந்து தூக்கும் அம்மாவின் முதுகு போய்விடும். அதனால் இரவில் தரைக்கு இறங்கி, துணி மாற்றும்போது இடுப்பளவு ஏறும் கட்டில் கிடைத்தால் விடாதீர்கள். ஆசாரியிடம் செய்வதாக இருந்தால் பக்கத்து மரச்சட்டங்களை நெடுக்காக அடிக்கச் சொல்லுங்கள். குறுக்கே அடித்தால் பிள்ளை அதையே ஏணியாக்கிவிடும். ஆணி அடிக்கும் முன் அளவுகளை அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் உங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள்.

இப்படிச் செய்து வாங்கியவர்கள் கமெண்டில் எழுதுங்கள்: பக்கச் சுவர் உயரம், சட்ட இடைவெளி, மெத்தையின் கனம். ஆசாரி எவ்வளவு வாங்கினார் என்பதையும் மறைக்காமல் போடுங்கள்.