ஆற்றை நெருக்கிய அதிகாரி: பான் ஜிஷுன்

வணக்கம். நான்கு முறை ஒரே வேலைக்கு அழைக்கப்பட்டு, நான்கு முறையும் அதிலிருந்து இறங்கிய ஒரு மனிதரைப் பற்றி இன்று பேசப் போகிறேன். பெயர் பான் ஜிஷுன். சீனாவின் ஜெஜியாங் பகுதிக்காரர். 1521-இல் பிறந்தார், 1595-இல் இறந்தார். மிங் பேரரசில் மஞ்சள் ஆற்றையும் பெருங்கால்வாயையும் கவனிக்கும் தலைமை அதிகாரி.

இவர் பொறியியல் படித்தவர் இல்லை. அப்போது அப்படி ஒரு படிப்பே கிடையாது. 1550-இல் பேரரசுத் தேர்வில் தேறி அரசு வேலைக்கு வந்தவர். செவ்விலக்கியம் மனப்பாடம் செய்து, கட்டுரை எழுதி, பதவி வாங்கியவர். குவாங்தோங்கில் கண்காணிப்பு அதிகாரியாக இருந்தபோது கிராமங்களின் வரி, ஊழியச் சுமையைச் சமன்படுத்தினார் என்பதுதான் ஆற்றுக்கு வருமுன் அவருக்கு இருந்த பேர்.

சரி, வேலை என்ன? தலைநகர் பெய்ஜிங் வடக்கே இருக்கிறது, நெல் விளைவது தெற்கே. ஆண்டுக்கு 40 லட்சம் 'ஷி' அளவு தானியம் பெருங்கால்வாய் வழியே படகில் போயாக வேண்டும். அந்தப் பாதையின் ஒரு பகுதி அன்றைக்கு மஞ்சள் ஆறேதான். மஞ்சள் ஆறோ மேற்கே மஞ்சள் நிறப் புழுதிமண் மேட்டுநிலத்தைக் கரைத்து அள்ளிக்கொண்டு வருவது. வண்டல் படியும், ஆற்றுப் படுகை உயரும், கரை உடையும், ஆறு வேறு பக்கம் ஓடும். அப்புறம் படகும் இல்லை, தானியமும் இல்லை. அதனால் மிங் அரசுக்கு ஆறு என்பது முதலில் சோற்றுப் பிரச்சினை. கரையோர மக்களின் வெள்ளம் அதற்கு அடுத்துதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1565-இல் முதல் நியமனம். புதுக்கால்வாய் வெட்ட வேண்டும் என்றார் மேலதிகாரி ஜூ ஹெங், பழைய தடத்தையே மீட்கலாம் என்றார் பான். சண்டை முற்றுமுன் தாயார் இறந்து, துக்க விடுப்பில் ஊருக்குப் போய்விட்டார். 1570-இல் இரண்டாவது அழைப்பு. உடைப்புகளை அடைத்தார். ஆனால் புதிதாக வேகமெடுத்த நீரில் தானியப் படகுகள் பல மூழ்கின. புகார் போனது, பதவி போனது.

அந்த வேகத்துக்காக அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் கடைசிவரை நம்பியதும் அதே வேகத்தைத்தான்.

அன்றைய பெரும்பாலான அதிகாரிகளின் வைத்தியம், ஆற்றைப் பிரித்துவிடுவது. பல கிளைகளாகப் பிரித்தால் வெள்ளத்தின் பலம் குறையும் என்பது கேட்க நியாயமாகவே இருக்கும். பழங்கால மன்னர் யூ ஆற்றை ஒன்பதாகப் பிரித்தார் என்ற கதையும் துணைக்கு இருந்தது. பான் மறுத்தார். மற்ற ஆறுகளுக்கு அது சரி, இந்த ஆற்றுக்குச் சரிவராது என்றார். பத்துப் படியில் ஆறு படி மணல், வெள்ளக்காலத்தில் எட்டுப் படி மணல், இரண்டு படி நீர் எட்டுப் படி மணலைத் தூக்க வேண்டும் என்று எழுதினார். கொஞ்சம் மிகைதான், ஆனால் தர்க்கம் பிசகவில்லை. பிரித்தால் நீர் மெதுவாகும், மெதுவானால் மணல் தங்கும், தங்கினால் படுகை உயரும். ஆகவே சேர், நெருக்கு, ஓடவிடு. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் நீர் பாய்கிறதே, அதுபோல. கரையால் நீரைக் கட்டு, நீரால் மணலை அடி என்பது அவர் சூத்திரம்.

1578-இல் மூன்றாவது அழைப்பு வந்தபோது கடல்முகம் அடைபட்டுக் கிடந்தது. அங்கே போய்த் தூர் வாருவோம் என்று பலர் சொன்னார்கள். கடலை மனிதக் கையால் தூர் வார முடியாது, ஆற்றைச் சேர்த்து அனுப்பினால் அதுவே வாரிக்கொள்ளும் என்றார் இவர். தலைமை அமைச்சர் ஜாங் ஜூஜெங் ஆதரவு இருந்ததால் கை ஓங்கியது. ஏறத்தாழ 130 உடைப்புகள் அடைபட்டன. 56,000 ஜாங் (பழைய சீன நீள அளவு) நீளத்துக்கு மேல், அதாவது 170 கிலோமீட்டருக்கும் அதிகமாக, வெளிக்கரைகள் எழுந்தன. வெள்ளம் மிஞ்சினால் வழிந்தோட நான்கு கல் கலங்கல்கள் கட்டினார். நெருக்கு என்று சொன்னவர் கலங்கலையும் வைத்தார் என்பதைக் கவனியுங்கள். அவரை வறட்டுக் கொள்கைக்காரர் என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கரையும் ஒன்றல்ல. ஆற்றை ஒட்டி ஓர் உள்கரை, அது நீரை நெருக்கும். வெகுதூரம் தள்ளி ஒரு வெளிக்கரை, உள்கரையைத் தாண்டி வந்த வெள்ளத்தை அது பிடிக்கும். இரண்டுக்கும் இடையே குறுக்குக்கரைகள். தாண்டி வந்த நீர் வெளிக்கரையின் அடியோடு ஓடி அரிக்காமல் அவை தடுக்கும். நின்ற நீர் வண்டலை விட்டுவிட்டு வடியும், அது நல்ல விளைநிலம்.

எனக்கு இவரிடம் மிகவும் பிடித்தது மராமத்துதான். மணல் கலக்காத நல்ல மண்ணாகக் கொட்டு, செலவுக்கு அஞ்சாதே என்பது உத்தரவு. கொட்டினார்களா என்று இரும்புத் துளைகருவியை இறக்கிச் சோதிப்பார்கள், சந்தேகம் வந்தால் கரையையே வெட்டிப் பார்ப்பார்கள். ஒப்பந்தக்காரர் பில் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

கரையில் மூன்று லி தூரத்துக்கு, அதாவது ஏறத்தாழ 1.7 கிலோமீட்டருக்கு, ஒரு காவல் குடில், குடிலுக்கு 30 ஆள், ஆளுக்கு 18 ஜாங் கரை. ஒரு மனிதனுக்கு 60 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பகல், இரவு, காற்று, மழை என்று நான்கு காவல். இரவில் கம்பத்தில் விளக்கு தொங்கும், குடிலுக்குக் குடில் முறைச்சீட்டு கைமாறும். சீட்டு நேரத்துக்கு வராவிட்டால் எவனோ தூங்கிவிட்டான் என்று அர்த்தம். காற்றுக் காலத்தில் கிளைகளும் புல்லும் சேர்த்துக் கட்டிய கட்டுகளைக் கரையோரம் மிதக்கவிடுவார்கள், அலை அதில் மோதட்டும் என்று. மழை கொட்டும்போது குடிலுக்குள் ஒதுங்கக் கூடாது. தொப்பியும் புல் அங்கியும் போட்டுக்கொண்டு கரைமேல் நடக்க வேண்டும்.

1582-இல் ஜாங் ஜூஜெங் இறந்தார். பேரரசர் அவர் குடும்பத்தின் சொத்தைப் பறித்தார். அப்போது நீதித்துறை அமைச்சராக இருந்த பான், ஜாங் ஜூஜெங்கின் எண்பது கடந்த தாய்க்காகப் பரிந்து பேசினார். 1584-இல் பதவியெல்லாம் பிடுங்கப்பட்டுச் சாதாரணக் குடிமகனாக ஊர் திரும்பினார். நான்காண்டில் ஆறு மறுபடி மோசமானது. 1588-இல் நான்காவது அழைப்பு.

இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நான் அவரோடு முரண்படுகிறேன். மணலை அடிக்க மஞ்சள் ஆற்று நீர் மட்டும் போதாது என்று, மூன்றாவது அழைப்பின்போதே தெளிந்த ஹுவாய் ஆற்றை காவ்ஜியாயான் கரையால் தடுத்து உயர்த்தி, அது மஞ்சள் ஆற்றோடு சேரும் இடத்தில் பாய்ச்சியிருந்தார். அந்தக் கரைக்குப் பின்னால் ஹோங்சே ஏரி வீங்கியது. மேலே இருந்த ஸிஜோ நகரத்துக்கு 1591-இல் பெருவெள்ளம். அங்கேதான் மிங் வம்சத்தை நிறுவியவரின் பாட்டனார் கல்லறையும் இருந்தது. நீர் தானே வடியும் என்றார் பான். வடியவில்லை. 1592-இல் விலகினார். அரசவை அலறியது கல்லறைக்காக, தானியப் படகுகள் போய்க்கொண்டிருந்தவரை நகரத்து மக்களுக்காக யாரும் கரையைத் திறக்கவில்லை. 1680-இல் ஸிஜோ முழுவதுமாக ஏரிக்குள் போனது.

அவர் முறை மட்டும் தொடர்ந்தது. மிங்குக்குப் பின் வந்த சிங் பேரரசில் 1677-இல் ஆற்றுப் பொறுப்பேற்ற ஜின் ஃபூ அதையே எடுத்துக்கொண்டார். 2002 முதல் ஷியாவ்லாங்தி அணையிலிருந்து நீரைச் சேர்த்துத் திறந்து வண்டலைக் கடலுக்குத் தள்ளுகிறார்களே, அதிலும் பானின் சூத்திரம் இருக்கிறது. ஆனால் கடலுக்குப் போன மணல் அங்கே முகத்துவாரத்தை நீட்டிக்கொண்டே போகும், சரிவு குறையும், மறுபடி படுகை உயரும். மேற்கே அந்தப் புழுதிமண் மேட்டில் மண் கரைவதை நிறுத்தாமல், கீழே எவ்வளவு நெருக்கினாலும் ஆறு தவணைதான் கொடுக்கும். 1855-இல் மஞ்சள் ஆறு அவர் காத்த தடத்தையே விட்டுவிட்டு வடக்கே திரும்பிவிட்டது.