ஊசி நிற்கும், துணி நகரும்

(தையல் பயிற்சி நிலையம் ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். "கால் மணி நேரம்தான், அதற்கு மேல் போனால் பஜ்ஜி ஆறிவிடும்" என்று சொல்லித்தான் தலைவி அம்மா மைக்கை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் ஒரு குழுவாக இரண்டு வாரம் ஜப்பானுக்குப் போய்த் தையல் பார்த்துக் கற்று வந்ததைத்தான் சொல்லப்போகிறேன். அதனால் நேரே டோக்கியோவுக்குப் போய்விடுகிறேன்.

பிப்ரவரி 8. அசகுசாவில் இருக்கிற சென்சோஜி கோயில். அங்கே ஒரு சின்ன சன்னதி முன்னால் பெரிய தோஃபு கட்டி வைத்திருக்கிறார்கள். சோயா பாலைத் திரித்துச் செய்வது, நம் பனீர் மாதிரி மெத்தென்று இருக்கும். கிமோனோ கட்டிய பெண்கள் வரிசையில் வந்து, ஒடிந்த ஊசி, முனை மழுங்கிய ஊசி எல்லாவற்றையும் அதில் குத்திவிட்டுக் கும்பிடுகிறார்கள். ஹரி குயோ என்று பெயர். வருஷமெல்லாம் கனத்த துணியோடு மல்லுக்கட்டிய ஊசிக்குக் கடைசியில் மிருதுவான இடம் கொடுக்க வேண்டுமாம். நாமும் ஆயுத பூஜை அன்று மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். ஆனால் அது நாளைக்கு நமக்கு உழைக்கப் போகிற மெஷின். ஒடிந்த ஊசியை என்ன செய்கிறோம்? காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடுகிறோம். எங்கள் குழுவில் மனைவிக்குத் துணையாக வந்த ஒரு ரிட்டயர்டு என்ஜினீயர் இருந்தார். "பரவாயில்லையே, ஓய்வு பெற்றவனுக்கு இவ்வளவு மரியாதையா!" என்றார். இரண்டு வாரமும் அவர்தான் எங்களுக்குக் கலகலப்பு.

மொத்தம் எட்டுப் பேர்தான் போனோம். ஏன் எட்டு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. போன பிறகு புரிந்தது. தையல் சொல்லித்தருகிற அம்மாளின் கூடத்தில் பாயில் எட்டுப் பேருக்கு மேல் உட்கார முடியாது. பஸ் நிறைய ஆள் போனால் கண்காட்சி பார்க்கலாம், கையைப் பிடித்துத் திருத்த ஆள் கிடைக்காது.

என் கையைத்தான் முதலில் திருத்தினார்கள். சஷிகோ என்கிற ஜப்பானியக் கைத்தையல் வெறும் ஓட்டுத் தையல்தான். நீலத் துணி, வெள்ளை நூல். முப்பது வருஷமாகத் தையல் சொல்லிக்கொடுக்கிறவள் ஆயிற்றே என்று இறுமாப்போடு ஊசியை எடுத்தேன். அந்த அம்மாள் பார்த்துவிட்டு மெல்லத் தலையை ஆட்டினார். நாம் ஊசியைத் துணிக்குள் ஓட்டுகிறோம். அங்கே ஊசி நிற்கிறது, துணிதான் மேலும் கீழும் அசைந்து வந்து ஊசியில் மடிப்பு மடிப்பாக ஏறிக்கொள்கிறது. நீள ஊசி. அதன் பின்பக்கத்தைத் தாங்க உள்ளங்கையில் ஒரு வளையக் கவசம். ஒரு மூச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையல். பிறகு நூலை இழுத்துத் துணியை நீவிவிட வேண்டும், இல்லையென்றால் சுருங்கும். தையல் ஒவ்வொன்றும் அரிசி மணி போல இருக்க வேண்டும், மேலே மூன்று பங்கு தெரிந்தால் அடியில் இரண்டு பங்கு. நான் போட்டது அரிசியாக இல்லை, நொய்யாக இருந்தது.

மறுநாள் ரயிலேறி வடக்கே ஹிரோசாகிக்குப் போனோம். பனி இடுப்பு உயரம். இந்தப் பயணத்தில் நான் மறக்காத இடம் அதுதான். அந்தப் பக்கத்துக்கு ட்சுகாரு என்று பெயர். அந்தக் குளிரில் பருத்தி விளையாது. விலைக்கு வாங்கலாம் என்றாலும் சட்டம் விடவில்லை. 1724இல் அந்தச் சிற்றரசு, விவசாயிகள் பருத்தித் துணி உடுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது. அவர்களுக்கு வாய்த்தது சணல் இனத்து நார்த்துணி. வெயில் காலத்துக்குச் சரி. பனியில்? காற்று இழைக்கு இழை புகுந்து போகும். பருத்தித் துணிதானே கூடாது, பருத்தி நூல் கிடைத்தபோது பெண்கள் அந்த ஓட்டைகளை நூலால் அடைத்தார்கள். இழையை எண்ணி, ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் ஊசியை ஏற்றி இறக்கினார்கள். மார்பும் முதுகும் முழுக்க வைர வைரமாகக் கோலம் விழுந்தது. அதுதான் கோகின். அவரைக்கொட்டை, பூனைக்கண் என்றெல்லாம் ஒவ்வொரு கட்டத்துக்கும் பேர். புள்ளி எண்ணிக் கோலம் போட்ட கைகளுக்கு அது உடனே பிடிபடும். எங்களில் அந்த என்ஜினீயர்தான் முதலில் பிடித்துக்கொண்டார் என்பது வேறு விஷயம். 1891இல் ரயில் பாதை அவோமோரி வரைக்கும் வந்தது. பருத்தி வந்து இறங்கியது. கொஞ்ச காலத்திலேயே கோகின் போடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். குளிர் போட வைத்த தையலை ரயில் நிறுத்தியது.

போரோ என்கிற ஒட்டுப்போட்ட துணி பற்றியும் சொல்ல வேண்டும். தெற்கே உடுத்திக் கழித்த பருத்தித் துணி, கப்பலில் மூட்டை மூட்டையாக வடக்கே வந்து விலை போனது. ஒட்டுக்கு மேல் ஒட்டு, தாத்தா சட்டையின் மேல் பேரன் சட்டை. கிழிந்தால் படுக்கை உறை, அதுவும் நைந்தால் குழந்தைக்குத் துணி, கடைசியில் தரை துடைக்க. உங்கள் நாக்கு நுனியில் நிற்கிற அந்தக் கந்தைப் பழமொழியை நான் சொல்லப்போவதில்லை. அழுக்குப் போகக் கசக்கியவர்கள் நாம். அந்த ஊரில் கசக்கினால் துணியே கையோடு வந்துவிடும்.

இதில் ஒன்று கவனியுங்கள். கிமோனோ துணி ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். வளைவே கிடையாது, எல்லாம் நீளக் கட்டங்களாகத்தான் வெட்டுவார்கள். அழுக்கானால் தையலைப் பிரித்து, துண்டுகளை வரிசையாக இணைத்தால் மறுபடி பழைய துணிச்சுருளே வந்துவிடும்! துவைத்து, விறைப்பாக இழுத்துக் கட்டிக் காயவைத்துத் திரும்பத் தைப்பார்கள். கழுத்து வளைவு வெட்டி மிச்சத்தைக் கூட்டித் தள்ளுகிற நமக்கு அது கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும்.

துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கிற குயில்ட் என்ற அமெரிக்கப் போர்வை 1970களில்தான் அங்கே மோகமானது. 2002இலிருந்து பல வருஷம், பேஸ்பால் ஆடுகிற டோக்கியோ டோமையே குயில்ட் விழாவுக்குத் திறந்துவிட்டார்கள். ஆனால் ஒட்டுத்துணி அவர்களுக்குப் புதிது கிடையாது. பௌத்தத் துறவியின் உடை துண்டு துண்டாகத் தைத்தது, வரப்பு போட்ட வயல் மாதிரி. அதை அங்கே கேசா என்கிறார்கள். நம் காதுக்குக் காஷாயம். ஒரு பேரரசர் உடுத்திய கேசாக்கள் 756இலிருந்து நாரா நகரத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அரிமட்சுவை வேகமாகக் கடக்கிறேன், அதற்கு ஒரு தனிக் கூட்டம் வேண்டும். 1608இலிருந்து துணியை முடிந்து சாயம் தோய்க்கிற ஊர். மதுரைச் சுங்குடிக்காரர்கள் போனால் திரும்பி வர மாட்டார்கள். நான் போட்ட முடிச்சு சாயத் தொட்டியிலேயே அவிழ்ந்துவிட்டது.

கடைசி நாள், 21ஆம் தேதி, கியோட்டோவில் தோஜி கோயில் சந்தை. மாசாமாசம் 21ஆம் தேதி கூடும். பழைய துணிக் கடை ஒன்றில் செம்பழுப்பும் கருநீலமுமாக மெல்லிய கோடு போட்ட பருத்தித் துண்டு. கடைக்காரப் பாட்டி அதைத் தடவிக் காட்டி "சாந்தொமே" என்றார். எனக்கு விளங்கவில்லை. எங்கள் வழிகாட்டிப் பெண் விளக்கினாள். போர்ச்சுகீசியர்களும் அப்புறம் டச்சுக்காரர்களும் சோழமண்டலக் கரையிலிருந்து கோடு போட்ட துணியைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். வந்த இடத்தின் பெயரே துணிக்கும் ஆயிற்று. சாவ் தோமே. சாந்தோம்! நான் தினம் மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் தாண்டிப் போகிற மாதா கோயில்! அந்த வகைக்கு எடோ நகரத்து, அதாவது பழைய டோக்கியோவின், ஷோக்குப் பேர்வழிகளிடம் அவ்வளவு மவுசு; பட்டு உடுத்தத் தடை இருந்த காலத்தில் இந்த வழவழப்பே அவர்களுக்குப் பட்டு. பிறகு அங்கேயே நெய்யத் தொடங்கினார்கள். இந்தத் துண்டு அங்கே நெய்ததாகத்தான் இருக்கும். பேர் மட்டும் நம்முடையது.

பேரம் பேசாமல் நான் வாங்கிய ஒரே பொருள் இதுதான். இதோ, கொண்டுவந்திருக்கிறேன். ஓரத்தில் மூன்று இடத்தில் யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். முதல் வரிசையிலிருந்து அனுப்புகிறேன். பஜ்ஜி எடுத்தவர்கள் மட்டும் கையைத் துடைத்துவிட்டு வாங்குங்கள்.